பனி மூடும் குளிர்சாதனப் பெட்டி: பழுதைக் கண்டறியும் முறை

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை அடுத்து வெண்ணிறப் பாத்திகளாகப் பரந்து கிடப்பவை மரக்காணம் உப்பளங்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூரருகேதான் முடிவடைகிறது. உப்பு விளைவித்தலும், மீன் பிடித்தலும், பிடித்த மீனைக் கூடையிலேற்றி உள்ளூர்களுக்குக் கொண்டு சென்று விற்றலும் இப்பகுதி மக்களின் முக்கியப் பிழைப்பாகும். இத்தகைய குடும்பங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஓர் ஆடம்பரப் பொருள் என்ற காலம் போய்விட்டது. விற்று எஞ்சிய மீனைக் காப்பதற்கும், மறுநாள் கூடைக்கு வேண்டிய பனிக்கட்டியை உறைய வைப்பதற்கும், நீரிழிவு நோயாளர் உள்ள வீட்டில் இன்சுலின் மருந்தைப் பத்திரப்படுத்துவதற்கும் அது வேண்டியிருக்கிறது. பெட்டி பழுதுபட்டால் அன்றைய வருவாயும் சில வேளைகளில் ஒருவரின் உடல்நலமும் பாதிக்கப்படுகின்றன.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்குப் பின் சில வாரங்கள் கழித்து, சுய உதவிக் குழு ஒன்றின் கடன் விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கக் கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். விண்ணப்பித்தவர் மீன் விற்கும் ஓர் அம்மையார்; அவர் கணவர் உப்பளத் தொழிலாளி. வீட்டிலுள்ள இரட்டைக் கதவுப் பெட்டியின் கீழறையில் ஐப்பசி மாதத்திலேயே குளிர் குறைந்துவிட்டது. பார்த்த மெக்கானிக், கம்ப்ரெஸர் தளர்ந்துவிட்டது, புதிது போட வேண்டும், அதைவிடப் பெட்டியையே மாற்றுவது நலம் என்று சொல்லிவிட்டாராம். கடன் கேட்டது அதற்காகத்தான். ஆனால் இடையில் ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. புயலின்போது அவ்வூரில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. மீண்டும் மின்சாரம் வந்ததும் பெட்டி புதிது போலக் குளிர்ந்தது. பத்து நாள் சென்றதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

"புயல் வந்து பொட்டியை ரிப்பேர் பண்ணிட்டுப் போச்சுங்க ஐயா. அது போனதும் இது மறுபடியும் படுத்துக்கிச்சு" என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகச் சொன்ன அச்சொல்லிலேயே பழுதின் விவரம் பெரும்பாலும் அடங்கியிருந்தது. மூன்று நாள் ஓய்வினால் தேய்ந்த கம்ப்ரெஸர் புதியதாகிவிடாது; கசிந்துபோன வாயுவும் திரும்பி வந்து சேராது. மின்சாரம் இல்லாத மூன்று நாட்களில் அப்பெட்டிக்குள் நிகழக்கூடியது ஒன்றுதான்: உள்ளே கட்டியிருந்த பனி முழுவதும் உருகியிருக்கும். அப்படியானால் பனிதான் நோய். அதை உருக்க வேண்டிய ஏற்பாடு வேலை செய்யவில்லை.

பனி உருகும் ஏற்பாடு

ஒற்றைக் கதவுடைய சிறு பெட்டிகளில் பெரும்பாலும் உறை அறையின் சுவரே குளிர்கிறது. அதில் படியும் பனியை வீட்டாரே அவ்வப்போது ஒரு பொத்தானை அழுத்தி உருக்கிக்கொள்கின்றனர். இரட்டைக் கதவுப் பெட்டிகளின் அமைப்பு வேறு. இவற்றில் உறை அறையின் பின்பலகைக்கு அப்பால், அலுமினியத் தகடுகள் கோத்த குளிர்ச்சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. அது மைனஸ் 20 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே குளிரவல்லது. சிறிய விசிறி ஒன்று காற்றை இச்சுருளின் ஊடே இழுத்து உறை அறைக்குள் வீசுகிறது. அதில் ஒரு பங்கு குழல் வழியே கீழறைக்குச் செல்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் கீழறைக்கென்று தனிக் குளிர்ச்சுருள் கிடையாது. மேலிருந்து வரும் காற்றே அதற்குக் கதி.

நாம் கதவைத் திறக்கும்தோறும் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து இச்சுருளின் மீது பனியாகப் படிகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் இங்கே பனியும் மிகுதி. இதற்காக, பல மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரெஸர் தானே நின்று, சுருளின் அடியிலுள்ள ஹீட்டர் சூடேறும்படி அமைத்திருக்கின்றனர். பனி உருகி, நீர் வடிகுழாய் வழியாகப் பெட்டியின் பின்புறத் தட்டில் விழுந்து, கம்ப்ரெஸரின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். பனி தீர்ந்துவிட்டது, இனிச் சூடு வேண்டா என்று அறிவிப்பதற்குச் சுருளின் மேற்பகுதியில் ஒரு சிறு குமிழைப் பொருத்தியிருப்பர். இதையே மெக்கானிக்குகள் 'டிஃப்ராஸ்ட் சென்சார்' என்கின்றனர். சுருளின் உஷ்ணநிலை ஏறத்தாழ 10 அல்லது 12 டிகிரிக்கு உயர்ந்ததும், இக்குமிழின் செய்தி கேட்டு ஹீட்டர் நிற்கும். கம்ப்ரெஸர் மீண்டும் ஓடும்.

குமிழ் தவறான செய்தி தந்தால் ஹீட்டர் சூடேறாது, அல்லது சூடேறிய உடனே நின்றுவிடும். பனி நாளுக்கு நாள் தடித்துத் தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். காற்று ஓட வழியில்லாமற் போகவே, முதலில் கீழறை வெதும்பும். உறை அறையில் பனிக்கட்டி அப்போதும் இருந்துகொண்டிருக்கும். இங்கேதான் மக்கள் ஏமாறுகின்றனர். "மேலே ஐஸ் நிறைய இருக்கிறதே, பெட்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று எண்ணிக் கீழறையில் வைத்த மீனையும் மருந்தையும் நம்பியிருந்துவிடுகின்றனர். பின்பலகையில் வெண்பனி தடித்து நிற்பது குளிர்ச்சியின் அடையாளம் என்று கருதலாகாது; அது மூச்சடைப்பின் அடையாளம்.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. திறக்கப்படாத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கீழறை வெதும்புகிறதே என்று அஞ்சி அதை மேலே உறை அறையில் வைப்போர் உண்டு. அந்த வீட்டிலும் மாமியாரின் மருந்து அவ்வாறே மேலே போயிருந்தது. ஒரு முறை உறைந்த இன்சுலினை உருகிய பின்னும் உபயோகிக்கக் கூடாது. அதை நீக்கிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு பெறும்படி அன்றே சொல்லிவிட்டு வந்தேன்.

பனியின் வடிவமே சாட்சி

மறுவாரம், தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதனப் பிரிவில் பயின்ற இளைஞர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். பிளக்கை உருவியபின் அவர் பின்பலகையைக் கழற்றினார். சுருள் முழுவதும், மேலிருந்து கீழ்வரை, ஒரே சீராகப் பனி மூடியிருந்தது. இது முக்கியமான குறி. வாயு கசிந்து குறைந்திருந்தால், திரவம் நுழையும் முனையருகே சில சுற்றுகளில் மட்டும் பனி பிடித்து, எஞ்சிய பகுதி வெறுமையாக இருக்கும். கம்ப்ரெஸர் அடியோடு செயலற்றிருந்தால் பனியே இராது. கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் கதவோரத்திலேயே பனி மிகும். சுருள் முழுவதும் சீராக மூடியிருந்தால், குளிர்விக்கும் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது, உருக்கும் பகுதிதான் செய்யவில்லை என்று கொள்ளலாம்.

பலகையைக் கழற்ற ஆளில்லாத வீட்டார்க்கும் ஒரு வழி உண்டு. பொருள்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிளக்கை உருவி, இரு கதவுகளையும் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துப் பனியை உருகவிட வேண்டும். கீழே பழந்துணி விரித்துக்கொள்க. மறுபடி ஓட்டும்போது பெட்டி நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரமோ பத்து நாளோ சென்று மீண்டும் தவறினால், பழுது பெரும்பாலும் உருக்கும் ஏற்பாட்டிலேயே இருக்கும். புயல் செய்த பரிசோதனை இதுவே. இதைச் செய்து பார்க்குமுன் வாயு நிரப்பவோ கம்ப்ரெஸர் மாற்றவோ யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சென்சாருக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும்; கம்ப்ரெஸருக்குப் பல ஆயிரம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இராது என்பதை எண்ணினால் இவ்வேறுபாட்டின் கனம் விளங்கும்.

பனியைக் கத்தியாலோ திருப்புளியாலோ பெயர்க்க வேண்டா. சுருள் துளைபட்டால் வாயு போய்விடும். மேலும், இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐஸோபியூட்டேன் என்னும் வாயு தீப்பற்றக்கூடியது. பெட்டியின் பின்புறச் சீட்டில் ஆர்-600ஏ என்று குறித்திருந்தால் அதுவே. நாங்கள் மேசை விசிறியை எதிரில் வைத்து மூன்று மணி நேரத்தில் பனியை உருக்கினோம்.

பிறகு உருக்கும் ஏற்பாட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் கொண்டு அளந்தோம். ஹீட்டரின் மின்தடை 260 ஓம் அளவில் இருந்தது. 230 வோல்ட்டில் 200 வாட் ஹீட்டருக்கு அது பொருத்தமே. கம்பி அறுந்திருந்தால் மீட்டர் அளவே காட்டியிராது. உஷ்ணம் மிகுந்தால் அறும் பியூஸும் நன்றாயிருந்தது. எஞ்சியவை சென்சாரும் கட்டுப்பாட்டுப் பலகையுமே.

உப்பும் பனிக்கட்டியும்

இந்தச் சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். உஷ்ணம் குறையக் குறைய இதன் மின்தடை உயரும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறுபடுமாதலால், பெட்டிக்குரிய அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள வகையை எடுத்துக்கொண்டால், 30 டிகிரி அறையில் சுமார் 8 கிலோ ஓம், உருகும் பனிக்கட்டியில் சுமார் 32, மைனஸ் 15 டிகிரியில் சுமார் 75 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

அறை உஷ்ணத்தில் அளந்தோம். 6.8 காட்டியது. அது 34 டிகிரிக்கு உரிய அளவு. கடற்கரை வீட்டில் நண்பகலில் இதைக் குறையென்று யார் சொல்வார்? பலர் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு "சென்சார் சரி" என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர். சென்சார் வேலை செய்ய வேண்டிய இடமோ கடுங்குளிர். அதை அங்கேயே சோதித்தாக வேண்டும்.

நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நல்ல தண்ணீரும் கலந்த குவளையின் உஷ்ணநிலை எங்கும் எப்போதும் 0 டிகிரி. மீன் கூடையில் கிடந்த பனிக்கட்டி இதற்கு உதவாது. அதில் உப்புக் கலந்திருக்கும். சென்சார் குமிழை மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, குவளையில் ஐந்து நிமிடம் அமிழ்த்தினோம். 32 காட்ட வேண்டிய மீட்டர் 19க்கும் குறைவாகவே காட்டியது.

அடுத்த படிக்கு உப்பு வேண்டும். மரக்காணத்தில் அதற்கா பஞ்சம்! மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பைத் தூளாக்கிச் சேர்த்துக் கிளறினால், கலவை 0 டிகிரிக்குக் கீழே வெகுவாக இறங்கும். உப்பு பனிக்கட்டியை உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைக் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர் மிகுகிறது. இவ்வாறு மைனஸ் 21 டிகிரி வரை இறக்கலாம். கைப்பழக்கத்தில் மைனஸ் 15 எளிது. பெட்டியே இல்லாத காலத்திலிருந்து குல்பி ஐஸ் விற்போர் பானைக்குள் செய்துவருவது இதைத்தான். ஃபாரன்ஹீட் என்னும் அறிஞரும் 1724இல் தமது உஷ்ணமானியின் பூஜ்யத்தைப் பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவை கொண்டே குறித்தார். எங்கள் கலவையில் குமிழை அமிழ்த்தியபோது 75க்குப் பதிலாக 28 கிலோ ஓம் மட்டுமே கிடைத்தது. குளிர் மிகுதியாக ஆக, பொய்யும் மிகுதியாயிற்று.

இங்ஙனம் அறை உஷ்ணத்தில் ஏறத்தாழச் சரியாகவும், குளிரில் மிகத் தவறாகவும் இருந்தால் அதன் பொருள் என்ன? சென்சாரின் இரு கம்பிகளுக்கும் இடையே மின்சாரம் வேறொரு வழியாகவும் கசிகிறது என்பதே. ஓடையின் கரையில் உள்ள சிறு உடைப்பு, ஓடையில் நீர் பெருகி ஓடும்போது கண்ணில் படாது. ஓடை வறண்டு நீர் குறையும்போது போகும் நீரெல்லாம் அவ்வழியே போவது தெரியும். அதைப் போலத்தான் இதுவும். சென்சாரின் மின்தடை குறைவாயிருக்கும் வரை கசிவு பொருட்டில்லை. குளிரில் மின்தடை உயர்ந்ததும் மின்சாரம் கசிவின் வழியே ஓடிவிடுகிறது. எங்கள் அளவுகளைக் கணக்கிட்டால் கசிவுப் பாதையின் மின்தடை 45 கிலோ ஓம் அளவாகிறது.

விளைவைப் பாருங்கள். 19 கிலோ ஓம் என்பது நல்ல சென்சார் ஏறத்தாழ 12 டிகிரியில் காட்டும் அளவு. ஆகவே சுருளில் பனி உருகத் தொடங்கும் 0 டிகிரியிலேயே, "12 டிகிரி ஆகிவிட்டது, பனி தீர்ந்தது" என்ற செய்தி கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போய்விடுகிறது. ஹீட்டர் உடனே நின்றுவிடுகிறது. உறுப்புகள் எல்லாம் நலமாயிருந்தும் பனி கரையாத மர்மம் இதுதான்.

கசிவு எங்கே என்பது எஞ்சிய கேள்வி. அதுவரை நாங்கள் கட்டுப்பாட்டுப் பலகையின் பக்கத்துக் கம்பி முனையில், இடையிலுள்ள இணைப்பையும் சேர்த்தே அளந்துவந்தோம். இப்போது சுருளின் அருகிலிருந்த கனெக்டரைப் பிரித்து, சென்சாரின் சொந்தக் கம்பிகளில் மட்டும் அளந்தோம். நல்ல பனிக்கட்டியில் 32 கிலோ ஓம் சரியாக வந்தது. சென்சாரில் குற்றமில்லை. பிரித்த கனெக்டரின் முனைகளில் வெளுத்த உப்பும் பச்சைக் களிம்பும் பூத்திருந்தன.

உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும் இயல்புடையது. கடற்கரையில் இரவுகள் பலவற்றில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். வெறும் நீர்த்துளி கடுங்குளிரில் உறைந்து மின்சாரத்தைக் கடத்தாமல் விட்டுவிடலாம். உப்பு நீரோ மைனஸ் 21 டிகிரி வரையில் ஓரளவு நீராகவே நின்று கடத்திக்கொண்டிருக்கும். அந்த அறையில் கருவாடும் உப்பிட்ட மீனும் மூடாமல் வைக்கப்பட்டிருந்தன. காற்றோடு வந்த உப்பு பாதி, கருவாட்டோடு வந்த உப்பு பாதி என்று நினைக்கிறேன்.

இளைஞர் கனெக்டரை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கோன் கிரீஸ் நிரப்பி மூடி, நீர் சொட்டாத மேலிடத்தில் கட்டினார். ஸ்பிரிட் முற்றிலும் ஆவியாகும் வரை பெட்டியை மூடவோ மின்சாரம் கொடுக்கவோ கூடாது. பற்றவைக்கும் சூட்டுக்கோலை உள்ளே கொண்டுபோகவும் கூடாது. காரணம் முன்னரே சொன்ன வாயு. மீண்டும் அளந்தபோது பலகை முனையிலேயே 32 வந்தது. புதிதாக வாங்கிய உறுப்பு ஒன்றுமில்லை. அம்மையார் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எல்லாப் பெட்டிகளிலும் பழுது இப்படியே இருக்கும் என்பதில்லை. களிம்பு தடித்துக் கம்பித் தொடர்பே தேய்ந்தால், மின்தடை உயர்ந்து "இன்னும் குளிர்ந்தே இருக்கிறது" என்ற எதிரான பொய் செல்லும். அப்போது ஹீட்டர் வேண்டியதற்கு மேல் எரிந்து பியூஸ் அறுந்துபோகலாம். சென்சார் அடியோடு அறுந்திருந்தால், எழுத்துப் பலகை உள்ள பெட்டிகள் சில ஒரு குறியீட்டைக் காட்டும்.

பழைய பெட்டிகள் சிலவற்றில் தெர்மிஸ்டருக்குப் பதிலாக ஈருலோகத் தகடு கொண்ட வட்டமான சுவிட்ச் இருக்கும். அறை உஷ்ணத்தில் அது திறந்தும், கடுங்குளிரில் மூடியும் இருக்க வேண்டும். அது மூடுவது பொதுவாக 0 டிகிரிக்கும் கீழே என்பதால், வெறும் பனிக்கட்டியில் வைத்து, மூடவில்லை என்று கண்டு, நல்ல சுவிட்சைத் தூக்கியெறிந்தவர்களை நான் அறிவேன். அதற்கு உப்புக் கலவையே தக்க சோதனை.

உப்புக் காற்று எர்த் கம்பியையும் அரிக்குமாகையால், இவ்வேலைகளின்போது பிளக்கை உருவிவைப்பதில் ஒருபோதும் அசட்டை கூடாது. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கிராமப்புற இளைஞர்க்கும் மகளிர்க்கும் ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனப் பழுது பார்க்கும் பயிற்சி அளிக்கப்படுவதுண்டு. குழுவுக்கு ஒருவர் பயின்று, ஒரு மல்டிமீட்டரும் வாங்கி வைத்துக்கொண்டால் ஊருக்கே உதவும்.

பலகையைத் திரும்ப மாட்டுமுன் செய்ய வேண்டியவை இரண்டு. சென்சார் குமிழ் முன்பிருந்த இடத்திலேயே, சுருளை ஒட்டிப் பொருந்தியிருக்க வேண்டும். ஹீட்டருக்கு அருகே நழுவிவிட்டால் மீண்டும் அதே தொல்லை. சுருளின் அடியிலுள்ள வடிகுழாயில் ஒரு குவளை வெந்நீர் மெல்ல ஊற்றி, அது பின்புறத் தட்டில் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் மீன் செதில் ஒன்று குழாயை அடைத்திருந்தது. அதையும் எடுத்தோம். 2025 ஏப்ரலில் வேறு அலுவலாகப் போனபோது பெட்டியைத் திறந்து காட்டினார். பின்பலகையில் பனி இல்லை. இன்சுலின் கீழறைக் கதவில் இருந்தது. கருவாடு மூடியிட்ட டப்பாவுக்குள் இருந்தது.